காரணம் சொல்லும் ஆங்கிலம்: அட்டனில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள்

இலங்கை மலையகத்தின் நோர்வூட் கடைவீதியில் தட்டச்சும் போட்டோ கொப்பியும் எடுத்துக் கொடுக்கும் சிறு கடையொன்றை நடத்தி வருகிறேன். பெயர்ப் பலகையில் அந்த இரண்டு வேலைகள் மட்டுமே எழுதப்பட்டிருந்தாலும், வருகிறவர்களில் பாதிப்பேர் கடிதம் எழுதுவிக்கவே வருகிறார்கள். அந்தக் கடிதங்களில் பெரும்பாலானவை காரணம் சொல்லும் கடிதங்கள்: மூன்று நாள் வேலைக்கு வராதது ஏன், வங்கித் தவணை பிந்தியது ஏன், பிள்ளையின் பிறப்பை உரிய காலத்தில் பதியாதது ஏன், முன்பு செய்த வேலையை விட்டு நின்றது ஏன். அரச அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதிவிடலாம். தோட்டக் கம்பனியின் தலைமை அலுவலகம், கொழும்பு விடுதி, வெளிநாட்டு வேலை முகவர் என்று வரும்போது ஆங்கிலம் வேண்டியிருக்கிறது. என்னுடைய ஆங்கிலம் அதுவரை தட்டுத்தடுமாறி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன்னர் ஓர் இளைஞனுக்காக நான் எழுதிய ஒற்றை வாக்கியம் அந்த ஓட்டத்தை நிறுத்தியது.

அவன் கொழும்பிலுள்ள ஒரு விடுதிக்கு விண்ணப்பித்திருந்தான். முந்தைய வேலையிலிருந்து விலகியதன் காரணத்தை எழுதும்படி கேட்டிருந்தார்கள். சம்பளத்துக்காக விலகவில்லை, அம்மாவின் சுகவீனத்துக்காகவே விலகினேன் என்று சொல்ல விரும்பினான். நான் முதல் பாதியை, 'ஐ டிட் நொட் லீவ் பிகோஸ் ஒஃப் த சலரி' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிட்டு, அம்மாவின் சுகவீனத்தை அடுத்த பந்திக்குத் தள்ளிவிட்டேன். விடுதியிலிருந்து தொலைபேசியில் பேசியவர், சம்பளம் நன்றாக இருந்ததால் நீர் இன்னும் அங்கேயே வேலை செய்கிறீரா என்று கேட்டிருக்கிறார். என் வாக்கியத்துக்கு அந்தப் பொருளும் உண்டு என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. அதற்கு என் வாக்கியம்தான் காரணமா என்பதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த மனக்குறையோடு இருந்தபோதுதான், அட்டன் நகரில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர், காரணத்தையும் விளைவையும் ஆங்கிலத்தில் எழுதுவதற்கென்றே தனியாக நான்கு வார வகுப்பொன்றை நடத்துவதாகக் கேள்விப்பட்டேன். ஆங்கிலம் முழுவதையும் மூன்று மாதத்தில் வாயில் ஊட்டிவிடுவதாகச் சொல்லும் சுவரொட்டிகளுக்கு நடுவே, ஒரேயொரு விடயத்தை மட்டும் நான்கு ஞாயிறுகளுக்குச் சொல்லித்தர ஒருவர் துணிந்திருக்கிறாரே என்ற வியப்பில்தான் பெயரைப் பதிந்தேன். கட்டணம் 7,500 ரூபாய். 48 பக்கப் பயிற்சி நூலுக்குத் தனியாக 600 ரூபாய். காலை ஒன்பது மணி முதல் பன்னிரண்டரை வரை வகுப்பு. பதினான்கு பேர் இருந்தோம்: உயர்தர மாணவர் ஐவர், இரண்டு தோட்டக் கிளாக்கர்மார், தாதியர் பயிற்சிக்குக் காத்திருக்கும் பெண்கள், ஒரு தமிழாசிரியர், பிறகு நான். விளக்கமெல்லாம் தமிழில் நடந்தது. ஆங்கில இலக்கணத்தைச் சிங்களத்தின் வழியாகவோ ஆங்கிலத்தின் வழியாகவோ மட்டுமே கேட்டுப் பழகிய எங்களுக்கு, எங்கள் பிழை எங்கள் மொழியின் எந்த மூலையிலிருந்து வருகிறது என்பதை ஒருவர் எடுத்துக் காட்டியது புதிதாக இருந்தது. இந்த வகுப்பின் பெறுமதி முழுவதும் அதில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

முதல் ஞாயிறு முழுவதும் வரிசையைப் பற்றியது. தமிழில் காரணம் முன்னே வரும், வினைமுற்று கடைசியில் வரும். 'மண் சரிந்ததால் ரயில் நானுஓயாவோடு நின்றுவிட்டது' என்பதை எந்தத் தமிழரும் திருப்பிப் போட நினைப்பதில்லை. ஆங்கிலம் பேசுபவரோ, பெரும்பாலும் நடந்ததை முதலில் சொல்லிவிட்டு, 'பிகோஸ்' என்ற சொல்லோடு காரணத்தைப் பின்னால் கொண்டுவருகிறார். முன்னால் வைப்பது பிழையல்ல. ஆயினும் அப்படி வைக்கும்போது கேட்பவரின் கவனம் வேறிடத்துக்குத் திரும்புகிறது. வாக்கியத்தின் கடைசியில் நிற்பதே ஆங்கிலத்தில் புதிய செய்தியாகக் கருதப்படும் என்பதால், காரணம்தான் செய்தி என்றால் அது கடைசியில் நிற்க வேண்டும். விளைவுதான் செய்தி என்றால் காரணம் முன்னே போகலாம். ஆசிரியை இரண்டு அட்டைத் துண்டுகளை மேசையில் வைத்து இடம் மாற்றி மாற்றிக் காட்டினார். விடுமுறைக் கடிதத்தில் மேலதிகாரிக்கு நாங்கள் வராதது ஏற்கெனவே தெரியும், தெரியாதது காரணம் மட்டுமே. ஆகவே அங்கே காரணம் பின்னால் வரட்டும் என்றார். இத்தனை வருடமாக எல்லாக் கடிதத்திலும் காரணத்தை முன்னால் நிறுத்தியே எழுதி வந்திருக்கிறேன். அவை பிழையாக இருக்கவில்லை, தமிழாக இருந்திருக்கின்றன.

இதே இடத்தில் அவர் இன்னொரு முடிச்சையும் அவிழ்த்தார். தமிழில் 'ஏனென்றால்' ஒரு புதிய வாக்கியத்தைத் தொடங்கும் சொல். 'நான் வரவில்லை. ஏனென்றால் பிள்ளைக்குக் காய்ச்சல்.' இரண்டும் தமிழில் முழு வாக்கியங்கள். அதை அப்படியே பெயர்த்து, முற்றுப்புள்ளிக்குப் பின்னர் 'பிகோஸ்' என்று தொடங்கிக் காய்ச்சலோடு முடித்துவிட்டால், முறையான ஆங்கில எழுத்தில் அது தொங்கும் துண்டு. நம் பாடசாலைகளில் இந்தத் துண்டுகளைக் கண்டு சலித்துப்போன ஆசிரியர்கள், 'பிகோஸ் என்று வாக்கியத்தைத் தொடங்கவே கூடாது' என்று ஒரு சட்டம் போட்டுவிட்டார்கள். அந்தச் சட்டம் ஆங்கிலத்தில் இல்லை. பின்னாலேயே தலைமை வாக்கியம் வருமானால் தாராளமாகத் தொடங்கலாம். அதேபோல, பேச்சில் 'ஏன்னா மழை பேஞ்சிச்சு, அதனால வரல' என்று இரண்டு பக்கமும் முடிச்சுப் போடுவது நமக்குப் பழக்கம். ஆங்கிலத்துக்கு ஒரு முடிச்சுப் போதும். 'பிகோஸ்' போட்டால் 'சோ' வேண்டாம், 'சோ' போட்டால் 'பிகோஸ்' வேண்டாம். கிளாக்கர்களில் ஒருவர் தன் பழைய கடிதப் பிரதிகளைப் புரட்டி, பக்கத்துக்கு இரண்டு முடிச்சுகளை எண்ணிக் காட்டிச் சிரித்தார்.

இரண்டாவது ஞாயிறு சொற்களுக்கு உரியது. 'பிகோஸ்' என்ற சொல்லின் பிறப்பை ஆசிரியை சொன்னபோது தமிழாசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது 'பை', 'கோஸ்' என்ற இரண்டு சொற்களாக இருந்திருக்கிறது. 'பை' என்பது நம் 'ஆல்', 'கோஸ்' என்பது காரணம், சேர்த்தால் 'காரணத்தால்'. உறவில்லாத இரண்டு மொழிகள் ஒரே வழியில் நடந்திருக்கின்றன. தமிழாசிரியர் உடனே நன்னூலை நினைவுபடுத்தினார். ஐந்தாம் வேற்றுமையின் பொருள்களில் நீங்கல், ஒப்பு, எல்லை என்பவற்றோடு ஏதுவும் ஒன்று, அதற்குக் காட்டப்படும் உதாரணம் 'கல்வியிற் பெரியர் கம்பர்' என்றார். கல்வியின் காரணமாகப் பெரியவர் என்பது பொருள். ஆசிரியை அதைக் கரும்பலகையில் எழுதி வைத்துக்கொண்டார். அடுத்த அணிக்கு அது நிச்சயம் பாடமாகிவிடும்.

'பிகோஸ்' வாக்கியத்தை ஏற்கும், 'பிகோஸ் ஒஃப்' பெயர்ச்சொல்லை ஏற்கும். இது எல்லா இலக்கண நூல்களிலும் இருப்பதுதான், நீட்டத் தேவையில்லை. ஆனால் 'சின்ஸ்', 'ஏஸ்' ஆகிய சொற்களைப் பற்றி அவர் சொன்னது வேறு எங்கும் எனக்குக் கிடைக்காதது. அவையும் 'பிகோஸ்' போலவே காரணத்தைத்தான் சொல்கின்றன என்று ஒப்புவித்து வந்திருக்கிறோம். பிந்தி வந்த மாணவி ஒருத்தியிடம் ஏன் பிந்தினாய் என்று கேட்டார் ஆசிரியை. அவள் 'சின்ஸ் த பஸ் வொஸ் லேட்' என்றாள். ஏன் என்ற கேள்விக்கு 'சின்ஸ்' மறுமொழி ஆகாது என்றார் அவர்.

"அப்படியானால் டீச்சர், அதை எங்கேதான் எழுதுவது?"

"எதிரே இருப்பவருக்குக் காரணம் முன்பே தெரியும் என்றால் எழுதுங்கள். தமிழில் 'தானே' போடுகிற இடம்."

'இன்று போயாதானே, தபால் கந்தோர் பூட்டியிருக்கும்' என்று சொல்லும்போது, போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை, என்பதை நாம் செய்தியாகச் சொல்வதில்லை. இருவரும் அறிந்த ஒன்றைத் தொட்டுவிட்டு மேலே போகிறோம். 'சின்ஸ்' செய்கிற வேலை இதுவே. இருபது வருடமாக அகராதியில் 'ஆகையால், ஆதலால்' என்று பார்த்துக் குழம்பிய சொல் ஒரு 'தானே'யில் தெளிந்தது. 'சின்ஸ்' முதலில் காலத்தைக் குறித்த சொல் என்பதையும், 'அவன் தோட்டத்தை விட்டுப் போனதிலிருந்து' என்பதா 'போனபடியால்' என்பதா என்ற ஐயம் இன்றைக்கும் அதைவிட்டு நீங்கவில்லை என்பதையும் அவர் சேர்த்துச் சொன்னார். சட்டபூர்வமான கடிதங்களில் அதைத் தவிர்த்துவிடுவது நல்லது என்பது அவருடைய புத்திமதி. 'ஏஸ்' பற்றிய எச்சரிக்கையும் அதுவே.

என் பழைய காயத்துக்கு மருந்து கிடைத்ததும் அன்றுதான். எதிர்மறை வாக்கியத்தோடு 'பிகோஸ்' சேரும்போது, மறுக்கப்படுவது செயலா காரணமா என்பது ஆங்கிலத்தில் தெரியாமல் போகிறது. மழையால் போகவில்லை என்பதும், போனது மழைக்காக அல்ல என்பதும் ஒரே சொல்வரிசையில் வந்து நிற்கின்றன. தமிழுக்கு இந்தச் சங்கடம் குறைவு. செயலை மறுக்க 'இல்லை' இருக்கிறது, காரணத்தை மறுக்க 'அல்ல' இருக்கிறது. 'நான் விலகியது சம்பளத்துக்காக அல்ல' என்று சொல்லிவிட்டால் விலகியது உறுதி, சம்பளம் காரணமில்லை என்பதும் உறுதி. ஆங்கிலத்தில் 'நொட்' ஒன்றே இரண்டு வேலையையும் சுமக்கிறது. தீர்வாக அவர் இரண்டு வழிகளைத் தந்தார். செயல் நடக்கவில்லை என்பதே கருத்தானால் 'பிகோஸ்' என்பதற்கு முன்னர் ஒரு காற்புள்ளி இடலாம், அல்லது காரணத்தை வாக்கியத்தின் தலைக்குக் கொண்டுபோகலாம். காரணத்தை மறுப்பதே கருத்தானால், 'இட் வொஸ் நொட் பிகோஸ் ஒஃப் த சலரி தட் ஐ லெஃப்ட்' என்று பிளந்து எழுத வேண்டும். இந்தப் பிளவு வாக்கியம் நம் 'அல்ல' வாக்கியத்தின் நேர் நிழல். 7,500 ரூபாயில் பெரும்பகுதி எனக்கு இந்த ஒன்றிலேயே தீர்ந்துவிட்டது.

இனி ஒரு கருத்து வேறுபாடு. 'டியூ டு' என்பதைப் பெயருக்குத் துணையாக மட்டுமே எழுதலாம், வினையோடு சேர்க்கக் கூடாது, அங்கே 'ஓவிங் டு' எழுதுங்கள் என்று ஆசிரியை மிகவும் கண்டிப்பாக இருந்தார். 'தாமதம் மழையின் காரணமானது' என்றால் சரி, 'மழை காரணமாக ரயில் தாமதித்தது' என்றால் பிழை என்ற கணக்கு. 1926இல் வெளிவந்த ஃபௌலரின் ஆங்கிலப் பிரயோக அகராதி இந்த வேறுபாட்டை வலியுறுத்தியது. அந்தத் தலைமுறையிடம் படித்தவர்களிடம் படித்தவர் எங்கள் ஆசிரியை. ஆனால் இன்றைய அகராதிகள் இரண்டு பிரயோகங்களையும் ஏற்றுக்கொண்டுவிட்டன. ரயில் நிலைய அறிவித்தல் முதல் வங்கிக் கடிதம் வரை எல்லா இடத்திலும் வினையோடு சேர்ந்தே 'டியூ டு' ஓடுகிறது. பழைய பாணியில் வாசிக்கும் மேலதிகாரிக்கு எழுதும்போது எச்சரிக்கையாக இருங்கள் என்று சொல்லியிருந்தால் நியாயம். அதைப் பிழை என்று சிவப்பு மையால் வெட்டிப் புள்ளி குறைத்தது நியாயமல்ல. அதைவிடப் பெரிய பிழையான 'டியூ டு ஹி வொஸ் சிக்', அதாவது பெயர்ச்சொல் வரவேண்டிய இடத்தில் முழு வாக்கியத்தையே வைத்துவிடுவது, எங்கள் பகுதிக் கடிதங்களில் மலிந்து கிடக்கிறது. சிவப்பு மையை அதற்குச் செலவழித்திருக்கலாம்.

அதே நாளில் உயர்தர மாணவர் ஒருவர், கைத்தொலைபேசியில் 'பிகோஸ்' என்ற சொல்லுக்குப் பின்னர் ஒரு பெயர்ச்சொல்லை மட்டும் போட்டு இளைஞர்கள் எழுதுகிறார்களே, அது என்ன என்று கேட்டார். அது குப்பை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டார் ஆசிரியை. அமெரிக்கக் கிளைமொழிச் சங்கம் 2013ஆம் ஆண்டுக்குரிய சொல்லாகத் தெரிந்தெடுத்ததே இந்தப் புதிய 'பிகோஸ்'தான். விளக்கம் சொல்லச் சோம்பலாகவோ கேலியாகவோ இருக்கும்போது ஆங்கிலம் பேசுபவர் அப்படி வெட்டிப் பேசுகிறார் என்று ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். கடிதத்தில் எழுதாதே என்று அதற்குப் பின்னர் எச்சரித்திருக்கலாம்.

மூன்றாவது ஞாயிறே நான்கிலும் சிறந்தது. அன்று 'கோஸ்', 'ரீசன்' ஆகிய இரண்டையும் பிரித்தார். நமக்கு இரண்டும் 'காரணம்'. ஆங்கிலத்தில் 'கோஸ்' என்பது தானாக நின்று விளைவை உண்டாக்குவது; மரணச் சான்றிதழில் வருவது அது. 'ரீசன்' என்பது ஒரு மனம் எடுத்துச் சொல்லும் நியாயம்; விடுமுறைப் படிவத்தில் கேட்கப்படுவது அது. முன்னதற்குப் பின்னால் 'ஒஃப்' வரும், பின்னதற்குப் பின்னால் 'ஃபோர்' வரும். 'கோஸ்' என்பதை வினையாக எழுதும்போது இன்னொரு சங்கடம் இருக்கிறது. பெருந்தொகையான ஆங்கில எழுத்துகளைக் கணினியில் தொகுத்து ஆராய்ந்தவர்கள், அந்த வினைக்குப் பின்னால் நோய், சேதம், தொல்லை, விபத்து என்று தீயவையே மிகுதியாக வருவதைக் கண்டிருக்கிறார்கள். ஆகவே 'புதிய வீதி அபிவிருத்தியை ஏற்படுத்தியது' என்று அந்த வினையால் எழுதினால், அபிவிருத்தி ஏதோ தொற்றுநோய் போல் ஒலிக்கும். நல்லதற்கு 'லீட் டு' அல்லது 'பிரிங் எபவுட்' எழுதலாம். 'தாங்க்ஸ் டு' என்பதை விளக்க அவர் எடுத்த தமிழ், 'உங்கள் புண்ணியத்தில்'. 'உங்கள் புண்ணியத்தில் பிள்ளை படித்து ஆளானான்' என்று நன்றியாகவும் சொல்லலாம், 'உன் புண்ணியத்தில் பஸ்ஸும் போய்விட்டது' என்று குத்தலாகவும் சொல்லலாம். ஆங்கிலச் சொல்லுக்கும் அந்த இரண்டு முகமும் அப்படியே உண்டு.

அன்றைய பயிற்சி மலையகத்தின் கதையிலிருந்து வந்தது. கோப்பி அழிந்ததால், இலங்கையில் வணிகத் தேயிலையைத் தொடங்கிவைத்த ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டார் என்பதை ஆங்கிலத்தில் எழுதும்படி சொன்னார். பதினான்கு பேரும் எழுதினோம், இலக்கணப் பிழை அதிகமில்லை. எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, பதினான்கும் பொய் என்றார். டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது 1867இல். கோப்பி இலைநோய் இலங்கையில் கண்டறியப்பட்டது 1869இல். பின்னால் வந்தது முன்னால் நடந்ததற்குக் காரணமாகாது. நோய் காரணமாகப் பரவியது தேயிலைத் தொழில். டெய்லரின் முதல் நாற்றுக்கு அது காரணமல்ல. பிறகு அதே செய்தியை 'பிகோஸ்' கொண்டு ஒரு முறை, 'லீட் டு' கொண்டு ஒரு முறை, 'ரிசல்ட் இன்' கொண்டு ஒரு முறை எழுதவைத்தார். ஒவ்வொன்றிலும் எழுவாய் மாறுவதையும், எழுவாய் மாறும்போது பொறுப்பு யார் தலையில் விழுகிறது என்பது மாறுவதையும் பார்க்கச் சொன்னார்.

அந்தப் பொறுப்பு விடயம் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு மிகவும் தேவையானது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரின் நாடற்ற நிலையில் முடிந்தது என்று 'ரிசல்ட் இன்' போட்டு எழுதினால், யாரோ இயற்றி, யாரோ கையுயர்த்தி நிறைவேற்றிய ஒன்று, மழைபோல் தானாகப் பெய்ததாகிவிடுகிறது. தோட்ட அலுவலகத்திலிருந்து வரும் விளக்கக் கடிதங்களிலும் 'கவனயீனத்தின் காரணமாக நட்டம் ஏற்பட்டது' என்ற ஒரு வாக்கியம் அடிக்கடி வரும். யாருடைய கவனயீனம் என்று அதில் இருக்காது. கொழுந்து நிறுத்தவரின் கவனயீனமா, லொறி பிந்தியதா, கொழுந்து எடுத்தவரா? ஆங்கிலத்தில் காரணத்தைப் பெயர்ச்சொல்லாக மாற்றியவுடன் ஆள் மறைந்துபோகிறார். மறுமொழி எழுதும்போது முதல் வேலையாக அந்தப் பெயர்ச்சொல்லை மீண்டும் வினையாக்கி, செய்தவரைக் கேளுங்கள் என்றார் ஆசிரியை. அந்த ஆலோசனையை வைத்து இதுவரை மூன்று மறுமொழிகள் எழுதியிருக்கிறேன். மூன்றிலும் அரைப்பேர், அதாவது அரைநாட் சம்பளம், முழுப்பேராகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஒன்றில் ஆகியது.

ஊகத்தைப் பற்றியும் அன்று ஒரு பகுதி வந்தது. 'மேலே மழை பெய்திருக்க வேண்டும், ஏனென்றால் ஆறு கலங்கி வருகிறது' என்கிறோம். ஆறு கலங்கியது மழைக்குக் காரணமல்ல. நாம் அப்படி நினைப்பதற்குக் காரணம். தமிழில் 'ஏனென்றால்' இதற்குப் பொருந்தும், 'ஆல்' நேரடியாகப் பொருந்தாது. 'ஆறு கலங்கி வருவதால் மழை பெய்தது' என்றால் சிரிப்பார்கள். ஆங்கிலத்தில் 'பிகோஸ்' இரண்டுக்கும் வரும், ஆனால் ஊகத்துக்கு வரும்போது முன்னால் ஒரு காற்புள்ளியும் பேச்சில் ஒரு சிறு இடைநிறுத்தமும் வேண்டும். பழைய நடையில் இந்த இடத்துக்கு உரியது 'ஃபோர்'. அது எப்போதும் பின்னால்தான் வரும், வாக்கியத்தின் தொடக்கத்தில் நிற்காது. இந்த நுட்பத்தைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார். ஒரு மணித்தியாலம் தந்திருக்கலாம்.

குறை என்று நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது பயிற்சி நூலைப் பற்றி. தமிழருக்கு மிகப் பெரிய வழுக்கல் 'ஆல்' உருபில்தான் இருக்கிறது. கத்தியால் வெட்டினான், காய்ச்சலால் வரவில்லை, குளிரால் நடுங்கினேன், பயத்தால் பொய் சொன்னான், வெள்ளத்தால் அழிந்தது: எல்லாவற்றுக்கும் நமக்கு ஓர் உருபு போதும். ஆங்கிலம் பேசுபவர் குளிருக்கு 'வித்' என்கிறார், பயத்துக்கு 'அவுட் ஒஃப்' என்கிறார், நோயால் இறந்தால் 'ஒஃப்' அல்லது 'ஃப்ரொம்' என்கிறார், காய்ச்சலால் வராமலிருந்தால் 'பிகோஸ் ஒஃப்' என்கிறார். இதை அறியாமல் 'பை ஃபீவர்' என்று எழுதப்பட்ட விடுமுறைக் கடிதங்கள் என் கடைக்கு வாரந்தோறும் திருத்தத்துக்கு வருகின்றன. 'ஆக' என்ற ஈறும் இப்படித்தான். படிப்பதற்காகப் போனான் என்றால் நோக்கம், திருடியதற்காகத் தண்டித்தார்கள் என்றால் காரணம். இரண்டையும் தமிழ் எதிர்காலத்தாலும் இறந்தகாலத்தாலும் பிரிக்கிறது. ஆங்கிலம் முன்னதற்கு 'டு', பின்னதற்கு 'ஃபோர்' என்று பிரிக்கிறது. நாமோ இரண்டு இடத்திலும் 'ஃபோர்' எழுதுகிறோம். இவ்வளவு வளமான விடயத்துக்கு 48 பக்க நூலில் அரைப்பக்கம். 'ஆகவே' என்று பொருள்படும் 'தெயர்ஃபோர்', 'ஹென்ஸ்', 'தஸ்' ஆகிய மூன்றுக்கும் ஆறு பக்கம். அந்த மூன்றையும் பற்றித் தெரிய வேண்டியது, அவை இரண்டு வாக்கியங்களை ஒட்டும் பசையல்ல, முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும் என்பது மட்டுமே.

எச்சத்தால் காரணம் சொல்வதும் அவசரமாகவே போயிற்று. 'மலையேறும்போது மழை பிடித்துக்கொண்டது' என்பது தமிழில் இயல்பு. ஆங்கிலத்தில் அப்படியே எச்சமாக்கினால் மலையேறியது மழையாகிவிடும். உதாரணம் ஒன்றோடு மணி அடித்துவிட்டது.

நான்காவது ஞாயிறு கடிதப் பயிற்சி. மூன்று கடிதங்கள் எழுதிக் கொடுத்தோம். திருத்தி வந்தது ஒன்று மட்டுமே. மற்றவை அனுப்பப்படும் என்று சொன்னார்கள், இன்னும் வரவில்லை. வந்த அந்த ஒன்றின் ஓரத்தில் அவர் எழுதியிருந்த குறிப்புகள் வெகு நுட்பமானவை. 'த ரீசன் இஸ் பிகோஸ்' என்று நான் எழுதியதை வெட்டி, 'காரணம் என்னவென்றால் ஏனென்றால் என்று தமிழில் எழுதுவீர்களா?' என்று கேட்டிருந்தார். அத்தகைய திருத்தம் இன்னும் இரண்டு கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்பதால்தான் குறையாகச் சொல்கிறேன். கூடமும் சிறியது, கீழ்த்தளத்துக் கடையின் ஒலிபெருக்கி பதினொரு மணிக்குப் பின்னர் பாட்டோடு போட்டியிட வைக்கிறது.

கடிதமோ அறிக்கையோ எழுத வேண்டியவர்கள், முக்கியமாகக் கிளாக்கர்மாரும் ஆசிரியர்களும், தாராளமாகச் சேரலாம். சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளுக்கு முதல் இரண்டு வாரங்கள் போதுமானவை, ஆனால் பாதிக் கட்டணத்தில் சேர இடமில்லை. பேசப் பழக வேண்டும் என்று வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். பேச்சுப் பயிற்சி இங்கே இல்லவே இல்லை. பொகவந்தலாவைப் பக்கமிருந்து வருகிறவர்கள் முன்வரிசை வேண்டுமானால் எட்டரைக்கே அட்டனில் இறங்கிவிடுவது நல்லது.

நூலை மட்டும் தனியாக வாங்க எண்ணுபவர்கள் 31ஆம் பக்கத்து அட்டவணையைக் கவனிக்கவும். 'ரிசல்ட் இன்', 'ரிசல்ட் ஃப்ரொம்' ஆகிய இரண்டும் அச்சில் இடம் மாறி, வெள்ளம் மழையை உண்டாக்கியதாக வந்திருக்கிறது. வகுப்பில் எங்களைக் கொண்டு பேனாவால் திருத்துவித்தார். கடையில் விற்கப்படும் பிரதிகளில் அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது.